தராசுக்குக் கொடுக்காத சாவு

மாசிலாமணிக்குத் தராசு இருபத்தெட்டு போட்டிருந்தது.

நாற்பதுக்குக் குறைந்தால் அறுவை அரங்கு கிடைக்காது. யாரையாவது பார்த்துப் பேசி வாங்கிவிடலாம் என்கிற மாதிரியான 'கிடைக்காது' இல்லை இது. மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அனுமதி எண் கேட்கும். எண் வரவில்லையென்றால் இயந்திரம் ஓடாது. டாக்டர் இசக்கியம்மாள் இருபது வருடமாக ஈரல் அறுவை செய்கிறவள். அவள் கை ஓட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வெளிமாநிலத்திலிருந்து டாக்டர்கள் திருநெல்வேலிக்கு வந்து தங்கிப் போவார்கள். அவளாலும் அந்த இயந்திரத்தை ஏமாற்ற முடியாது.

தராசு என்பது டாக்டர்கள் வைத்த பெயர். அரசு வைத்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பெருங்குடலில் புற்று வந்து, அது ஈரலுக்கும் பரவிய நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கொடுத்தால், அதன் மரபணுக்களில் எவையெல்லாம் கெட்டிருக்கின்றன என்று படிக்கும். ஈரலை வெட்டினால் இந்த ஆள் பிழைப்பாரா, வெட்டுவது வீணா என்று நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அது வந்த புதிதில் இசக்கியம்மாளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் வாய்ச்சாலகமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கத்தி கிடைத்தது. வெட்டக்கூடாதவர்களை வெட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே போட்டு, மிச்சமிருந்த மாதங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். தராசு அதை நிறுத்தியது. அந்த நன்றி அவளுக்கு உண்டு.

மாசிலாமணி தூத்துக்குடியில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் மேஸ்திரி. சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் மைக்கைப் பிடித்து வர்ணனை சொல்பவனும் அவன்தான். நாற்பத்தைந்து வயது. குடல் கட்டியை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஈரலில் மூன்று புள்ளிகள் இருந்தன, மூன்றும் வலது பக்கம்.

"இருவத்தெட்டுன்னா ஃபெயிலா டாக்டர்?" என்றான். "நாங்க படிக்கும்போது முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு."

அவன் மனைவி சண்முகக்கனி அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "செத்த சும்மா இருங்க. டாக்டர், எதுக்குக் கொறஞ்சிருக்கு? இவுகளுக்கு சுகர் கெடயாது, பிரஷர் கெடயாது."

"மார்க்கு இவருக்கு இல்லம்மா, கட்டிக்கு" என்றாள் இசக்கியம்மாள். "ராஸ்னு ஒரு ஜீன் இருக்கு. செல்லு எப்பப் பெருகணும்னு சொல்லுத ஜீன். காலிங் பெல் பட்டன் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அமுக்குனா அடிக்கும், விட்டா நிக்கும். இவரு கட்டியில அந்தப் பட்டன் அமுங்குனபடியே மாட்டிக்கிட்டு. பி-அம்பத்துமூணுன்னு இன்னொண்ணு. கெட்டுப்போன செல்ல இனங்கண்டு சாகடிக்கிற காவக்கார ஜீன். அதுவும் கெட்டுப்போச்சு. ரெண்டும் சேந்து கெட்டவங்களுக்கு ஈரல வெட்டுனாலும் நோய் திரும்ப வந்துரும்னு தராசு சொல்லுது."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

சண்முகக்கனி சாதாரணமாகத்தான் கேட்டாள். பத்து வருடமாக இசக்கியம்மாளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மதிப்பெண் என்னவென்று கேட்பார்கள், நாற்பதுக்கு மேலே என்றால் அழுதபடி கும்பிடுவார்கள், கீழே என்றால் அழுதபடி எழுந்து போவார்கள். ஸ்கேனை மறுபடி திரையில் கொண்டுவந்து பார்த்தாள். மூன்று புள்ளிகளையும் சுற்றி நல்ல அகலத்துக்கு வெட்டி எடுத்தாலும் மிச்ச ஈரல் போதும். ஆள் திடமாக இருக்கிறான்.

"நான் வெட்டலாம்ங்கேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று தடவை சென்னைக்குப் போகவேண்டி வந்தது.

தராசை மேற்பார்வை பார்க்கும் குழுவுக்கு டாக்டர் ரகோத்தமன் தலைவர். அவரும் ஒரு காலத்தில் ஈரல் வெட்டியவர்தான். கை நடுங்க ஆரம்பித்ததும் நாற்காலிக்கு வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. அதுதான் இசக்கியம்மாளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"சார், தராசு எதப் பாத்துப் படிச்சுது?" என்று கேட்டாள். "நாம பண்ணுன பழைய ஆபரேஷன்களப் பாத்து. அப்ப கட்டியோட ஓரத்த ஒட்டி வெட்டுனோம். ராஸ் கெட்ட கட்டிக்குச் சுத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிதறல் இருக்கும். அகலமா வெட்டணும். நமக்கு அப்பத் தெரியல. நோய் திரும்ப வந்துச்சு, செத்தாங்க. தராசு அதப் படிச்சுது. அதுக்குப் பெறவு ராஸ் கெட்டவங்கள வெட்டவே விடல. வெட்டாததால செத்தாங்க. அதையும் படிச்சுது. வருஷா வருஷம் அவங்களுக்கு மார்க் கொறஞ்சுகிட்டே வருது. ஜீனால செத்தாங்களா, நாம கையக் கட்டிக்கிட்டு நின்னதால செத்தாங்களான்னு அதுக்கு எப்பிடி சார் தெரியும்?"

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா உன் கைய நம்பி நான் ஒரு மாநிலத்துக்கே விதி எழுத முடியாது. கதவத் திறந்துவிட்டா, நாளைக்கு வேற ஊர்ல ஒருத்தன் நானும் அகலமா வெட்டறேன்னு கெளம்புவான். மிச்ச ஈரல் பத்தாம நோயாளி மேசையிலயே போயிடுவான். எனக்கு ஆளோட நிரூபிச்சுக் காட்டு."

கடைசியில் மூன்று பேருக்கு விலக்கு கிடைத்தது. மூன்று பேருக்கும் அந்த இரண்டு மரபணுவும் கெட்டிருக்கவேண்டும். இசக்கியம்மாள் தன் பொறுப்பில் அறுவை செய்யலாம். இரண்டு வருடம் முடிகிறபோது மூவரில் இரண்டு பேராவது உயிரோடு இருந்தால், அதே கோளாறு உள்ள எல்லோருக்கும் மாநிலம் முழுக்கக் கதவு திறக்கும். இல்லாவிட்டால் இல்லை. ரகோத்தமன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாத்துச் செய்" என்று மட்டும் சொன்னார்.

மாசிலாமணியின் அறுவை ஒரு பகல் முழுக்க நடந்தது. வழக்கமாக விடுகிற ஓரத்தைப்போல இரண்டு மடங்கு விட்டு வெட்டினாள். வெட்டி எடுத்த துண்டின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர் உள்தொலைபேசியில் கூப்பிட்டு, "சிதறல் இருக்கு மேடம், ஆனா எல்லாம் நீங்க எடுத்த துண்டுக்குள்ளயே இருக்கு. விளிம்பு சுத்தம்" என்றார். பழைய மாதிரி ஒட்டி வெட்டியிருந்தால் அந்தச் சிதறல் உள்ளே தங்கியிருக்கும். இசக்கியம்மாள் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

மற்ற இருவரில் ஒருவர் கோவில்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு வருடம் ஆவதற்குள் அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது, போய்ச் சேர்ந்தார். அதை இசக்கியம்மாள் எதிர்பார்க்காமல் இல்லை. எல்லோரும் பிழைப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருத்தி சங்கரன்கோவிலில் பூக்கட்டுகிற பெண். அவள் நன்றாக இருந்தாள். ஆக, எல்லாம் மாசிலாமணியின் தலைமேல் வந்து நின்றது.

அவனுக்கு அது தெரியவேண்டாம் என்றுதான் இசக்கியம்மாள் நினைத்தாள். ஆக்னஸ் டீச்சர்தான் சொல்லிவிட்டாள்.

ஆக்னஸ் திருச்செந்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வயது. கணவன் கப்பலில் வேலை. ஒரு மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஆக்னஸுக்கும் அதே நோய், அதே இரண்டு மரபணு. தராசு இருபத்தேழு போட்டது. அவள் வந்து சேரும்போது விலக்கு வாங்கிய மூன்று இடமும் நிரம்பிவிட்டது. நான்காவது ஆளுக்கு ரகோத்தமன் சம்மதிக்கவில்லை.

"அந்த ரெண்டு வருஷம் முடியுத வரைக்கும் ஓட்டணும் டீச்சர்" என்றாள் இசக்கியம்மாள். "ராஸ அமுக்கிவைக்கிற மாத்திரை இருக்கு. புள்ளிய அழிக்காது, வளரவிடாம நிப்பாட்டி வைக்கும். எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது. ஆனா கதவு தொறந்த அன்னைக்கு மொதோ ஆளு நீங்கதான்."

ஆக்னஸ் விவரமெல்லாம் கேட்டாள். மூன்றில் இரண்டு என்றதும் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். "அந்தத் தூத்துக்குடி அண்ணன் எப்ப செக்கப்புக்கு வருவாங்க?" என்றாள்.

வெளிநோயாளிகள் கூடத்தில் மாசிலாமணியைத் தேடிப் பிடித்து, தான் யார் என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாளாம். அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. முழுக் கதையையும் கேட்டபின், "அப்ப நான் சாகக்கூடாது, அப்படித்தான டீச்சர்?" என்றானாம்.

"ஆமாண்ணே."

"இதுவரைக்கும் எனக்கு யாரும் இவ்வளவு பெரிய வேலை குடுத்ததில்ல."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்வந்ததும் ஆக்னஸ் அவனுக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர். ரெய்டு போய்க்கிட்டேதான் இருக்கேன். இன்னும் எவனும் புடிக்கல."

ஆரம்பத்தில் அது விளையாட்டாக இருந்தது. போகப்போக அவன் அதைச் சுமக்க ஆரம்பித்தான். ஒரு தடவை பரிசோதனைக்கு வந்தவன், சண்முகக்கனியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, இசக்கியம்மாளிடம் சொன்னான்.

"பைக்க வித்துட்டேன் டாக்டர். டீச்சர் ஒண்ணும் சொல்லல, நானாத்தான். ஐஸ் ஃபேக்டரியில மேல ஏறக்கூடாதுன்னு கீழ வேலை வாங்கிக்கிட்டேன். கபடிக்கு ராத்திரியில போறதில்ல. போன வாரம் எனக்கு நல்ல சளி. போன்ல என் கொரலக் கேட்டுட்டு டீச்சருக்குப் பேச்சே வரல. இவள மாதிரி இன்னும் எத்தன பேரு டாக்டர், மாநிலம் பூராவும்?"

"வருஷத்துக்கு நூத்துக்கணக்குல."

"யாரையும் எனக்குத் தெரியாது, பாருங்க. அவங்களுக்கும் என்னயத் தெரியாது. எனக்காவ உசுரோட இருக்கேனா, ஊருக்காவ இருக்கேனான்னே சில சமயம் வெளங்கல." பிறகு சிரித்தான். "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். குடிய விட்டாச்சு. வீட்டுக்காரி இருவது வருஷமா கேட்டு நடக்காதது."

ஸ்கேன் ஒவ்வொரு தடவையும் சுத்தமாகவே வந்தது. வெட்டிய இடத்தில் ஈரல் மறுபடி வளர்ந்து நிறைந்திருந்தது. ரகோத்தமனே ஒருமுறை போனில் கூப்பிட்டு, "உன் கபடிக்காரன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார். அவர் குரலில் ஆசை இருந்தது. குழுவில் புதிய விதியின் வரைவைத் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

இரண்டு வருடம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்தது. தூத்துக்குடியில் மாசிலாமணி இருந்த தெருவில் முழங்கால் தண்ணீர். விடிந்ததும் பால் வாங்கிவர இறங்கினான். தெருமுனையில் இரவுக் காற்றில் அறுந்த மின்கம்பி ஒன்று தண்ணீருக்குள் கிடந்தது. அவனுக்கு முன்னால் போன நாய் விழுந்ததை எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக் கத்தியிருக்கிறார். மழை இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

சண்முகக்கனி இசக்கியம்மாளுக்குத்தான் முதலில் போன் செய்தாள். வேறு யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள்.

பிரேதப் பரிசோதனையில் இசக்கியம்மாளும் கூட நின்றாள். செய்த டாக்டர் அவளிடம் படித்தவர், மறுக்கவில்லை. மின்சாரம் பாய்ந்து இதயம் நின்றதுதான் காரணம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவள் ஈரலைக் கேட்டு வாங்கினாள். மெல்லிய துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுரையீரலையும் குடலையும் பார்த்தாள். சந்தேகமான இடங்களையெல்லாம் எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்பினாள். எங்கும் ஒரு புற்று செல்கூட இல்லை.

சவக்கிடங்குக்கு வெளியே வேப்பமரத்தடியில் சண்முகக்கனி ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஆக்னஸ். அழுது முடித்துவிட்ட முகம் இரண்டு பேருக்கும்.

"உள்ள இருந்துச்சா டாக்டர்?" என்றாள் சண்முகக்கனி.

"எது?"

"அந்த நோய்."

"இல்லம்மா. எங்கயும் இல்ல. சுத்தமா இருந்துச்சு."

"அப்ப நல்லாயிட்டாகன்னு சொல்லுங்க."

"நல்லாயிட்டாரு."

சண்முகக்கனி தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ ஒரு சாமானின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல. பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாயிட்டாகளாம்! ஏட்டி, நல்லாயிட்டாகளாம்! ரெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வச்சேனே, நல்லாக்கித் தூக்கிக் குடுக்கவா வச்சேன்?" ஆக்னஸ் அவளைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். இசக்கியம்மாளுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அடுத்த வாரம் அவள் சென்னையில் இருந்தாள். ரகோத்தமன் பக்கத்தில் நிவேதனா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். தராசின் கணக்குப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது. பணிவான பெண், இசக்கியம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

இசக்கியம்மாள் நுண்ணோக்கிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இருவரும் முழுவதும் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் நிவேதனா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா தராசுக்கு ஆள் இருக்காரா இல்லையாங்கறது மட்டுந்தான் போகும். எப்படி இறந்தாருங்கறது போகாது."

"கரண்டு அடிச்சுச் செத்தவர கேன்சர்ல செத்தாருன்னு எழுதுவீங்களா?"

"கேன்சர்னு எழுத மாட்டோம் மேடம். ராஸும் பி-ஐம்பத்துமூணும் கெட்டவர், அறுவை செஞ்சாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள இறந்தார். அவ்வளவுதான் எழுதுவோம்."

"அதப் பாத்து அது என்ன படிக்கும்?"

ரகோத்தமன் சொன்னார். "காரணத்தையும் சேத்துக்கிட்டுத்தான்மா மொதல்ல வச்சிருந்தோம். மூணே வருஷத்துல என்ன ஆச்சு தெரியுமா? கேன்சர் திரும்பி வந்து செத்தவனுக்கெல்லாம் மாரடைப்பு, நிமோனியா, வழுக்கி விழுந்தான்னு எழுத ஆரம்பிச்சாங்க. டாக்டர்கள்தான் எழுதினாங்க. தன் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு. அதனால காரணத்த எடுத்தோம். சாவு மட்டுந்தான் யாரும் திருத்த முடியாதது."

"நான் திருத்தல சார். படம் இருக்கு."

"உனக்காக ஒண்ணத் திருத்தினா நாளைக்கு எல்லாரும் படத்தோட வருவாங்க."

அவர் சொன்னது தவறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்படி எழுதிய டாக்டர்களை அவளுக்கும் தெரியும். மேசைமேல் கிடந்த படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். புதிய விதியின் வரைவு என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தராசு அந்த மாதமே மாசிலாமணியைப் படித்துவிட்டது. இரண்டு மரபணுவும் கெட்டவர்களில் அறுவை செய்துகொண்டவர்கள் மாநிலத்திலேயே மிகச் சிலர்தான். அதனால் ஒவ்வொரு சாவுக்கும் எடை அதிகம். இருபத்தேழில் இருந்த ஆக்னஸுக்கு இப்போது இருபத்திரண்டு.

அதைச் சொல்ல இசக்கியம்மாளே ஆக்னஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆக்னஸ் கேட்டாள்.

"அண்ணன் செத்ததுனால எனக்கு மார்க் கொறஞ்சிட்டா டாக்டர்?"

"ஆமா."

"எவ்வளவு?"

சொன்னாள். ஆக்னஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நிற்பதற்கு ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் ஆபரேஷன் இல்லாம செத்தா, இவ சாவான்னு தராசு சொன்னது சரின்னு ஆயிரும், இல்லியா?"

"ஆயிரும்."

"எனக்குப் பெறவு வாரவங்களுக்கு இன்னும் கொறையும்."

"கொறையும்."

"எங்கிட்டயிருந்து இன்னும் என்னத்தத்தான் எடுப்பாங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "என் சாவ நான் அதுக்குக் குடுக்க மாட்டேன் டாக்டர். எங்க கையெழுத்துப் போடணும்?"

தராசிலிருந்து விலகிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் விலகினால் அரசு கொடுக்கும் ராஸ் மாத்திரை நின்றுவிடும். இசக்கியம்மாள் அதைச் சொல்லிப் பார்த்தாள். மகளைச் சொல்லிப் பார்த்தாள். "டீச்சர், இது ரோஷப்படுத விஷயமில்ல" என்று அதட்டியும் பார்த்தாள்.

"ரோஷம் இல்ல டாக்டர். இது கணக்கு" என்றாள் ஆக்னஸ். "அண்ணன் எங்களுக்காவ ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி உசுரோட இருந்தாங்க. எனக்குப் பின்னால வாரவளுக்கு நான் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மாத்திரை நின்றது. இசக்கியம்மாள் மையத்தில் மிச்சமிருந்த பழைய காலத்து ஊசி மருந்தை அவளுக்கு ஏற்ற ஏற்பாடு செய்தாள். அது பாதி வேலை செய்தது, பாதி வேலை செய்யவில்லை. புள்ளிகள் மெதுவாகப் பெருகின. தை மாத ஸ்கேனில் ஈரலின் இடது பக்கத்திலும் புதிதாக இரண்டு தெரிந்தன. இனிமேல் கதவு திறந்தாலும் வெட்டுவதற்கில்லை என்று இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது. ஆக்னஸும் கேட்கவில்லை. பள்ளிக்கு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடிக்கவேண்டும் என்றாள்.

ஜூன் மாதம் எல்லா ஈரல் மையங்களையும் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வருடா வருடம் நடக்கிற கூட்டம்தான். தராசின் கணிப்பு அந்த வருடம் எப்போதையும்விடத் துல்லியமாக இருந்தது என்று நிவேதனா மேடையில் திரைபோட்டுக் காட்டினாள். கைதட்டினார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனியாக விவரம் போட்டபோது, இசக்கியம்மாள் தன் மையத்தில் இறந்தவர்களின் வரிசையைப் பார்த்தாள். பெயர் இருக்காது, எண்கள் மட்டும்தான். ஆனாலும் அவளுக்கு ஒவ்வொரு எண்ணும் யார் என்று தெரியும். கோவில்பட்டிக்காரர் இருந்தார். மாசிலாமணி இருந்தான். அவனுக்கு அடுத்த எண்ணைப் பார்த்தபோது தவறாகப் படிக்கிறோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

தேநீர் இடைவேளையில் நிவேதனாவைத் தனியாகப் பிடித்தாள்.

"இவங்க விலகிட்டாங்களேம்மா. நான்தான் தாளை அனுப்பினேன்."

நிவேதனா கைக்கணினியில் பார்த்தாள். "ஆமா மேடம். விலகினதுலேருந்து அவங்களப்பத்தி எந்தத் தகவலும் நாங்க எடுக்கல. அது சட்டவிரோதம்."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

"விலகினவங்க இடத்த காலியா விட்டா கணக்கு ஒருபக்கமா சாஞ்சிடும் மேடம். அதனால, அவங்கள மாதிரியே ஜீன் உள்ள மத்தவங்களுக்கு என்ன ஆச்சோ, அத வச்சு தராசே மதிப்பிட்டு நிரப்பிக்கும். உலகம் முழுக்க எல்லாரும் செய்யற முறைதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன் மேடம்? அவங்க... இருக்காங்களா?"

"நேத்து எனக்குப் போன் பண்ணுனாங்க" என்றாள் இசக்கியம்மாள். "பத்தாம் வகுப்புல அவங்க பிள்ளைங்க எல்லாரும் கணக்குல பாஸாம்."

நிவேதனா தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "திருத்த முடியாது மேடம்" என்றாள், மிகவும் மெல்ல. "அவங்க விலகிட்டாங்க. இருக்காங்கன்னு எழுதறதுக்குக்கூட எங்களுக்கு உரிமை இல்ல."

ஊர் திரும்பிய பிறகு ஆக்னஸிடம் சொல்வதா வேண்டாமா என்று இசக்கியம்மாள் இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். ஊசி ஏற்ற வந்த ஒரு நாள், கையில் குழாயோடு சாய்வு நாற்காலியில் இருந்தவளிடம் முழுவதும் சொல்லிவிட்டாள். மறைப்பதற்கு அவளிடம் இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது.

ஆக்னஸ் முதலில் சிரித்தாள். சிரித்தபோது வயிறு வலித்திருக்கவேண்டும், கையால் அழுத்திக்கொண்டாள். அவள் மெலிந்து, கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது.

"நான் குடுக்கலேன்னா அதுவே எடுத்துக்கிட்டு, என்ன?"

இசக்கியம்மாள் குழாயில் மருந்து இறங்குவதைச் சரிபார்த்தாள்.

"எப்ப செத்தேனாம் டாக்டர்?"

"மார்ச்சுல போட்டிருக்கு."

"மார்ச்சுலயா?" ஆக்னஸ் கண்ணை மூடி யோசித்தாள். "மார்ச்சுல நாங்க உவரிக்குப் போனோம். அவங்களும் கப்பல்லேருந்து வந்திருந்தாங்க. பாப்பா அலையில ஒரு செருப்ப விட்டுட்டா. மத்த செருப்பு மட்டும் எதுக்குன்னு அதையும் தூக்கி எறிஞ்சிட்டா. வீடு வரைக்கும் நான்தான் அவள இடுப்புல தூக்கிட்டு வந்தேன். பத்து வயசுப் பிள்ள, நல்ல கனம்."